வெடிப்பைக் கண்டும் ஏன் உள்ளுக்குப் போனவை?

சில கிழமைகளுக்கு முன்பு எங்கள் வாசிப்பு வட்டத்தில் ராணா பிளாஸா பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். இரவல் வாங்கின புரொஜெக்டர், சுவரில் குத்தின வெள்ளை வேட்டி, இடையில் ஒருக்கால் மின்வெட்டு, எல்லாம் வழமைபோலத்தான். படம் முடிந்து லைற்றைப் போட்டதும் உயர்தரம் படிக்கிற தம்பி ஒருவர் முதல் கேள்வியைக் கேட்டார்: "முதல் நாளே சுவர் வெடிச்சதைக் கண்டவைதானே. பிறகேன் அடுத்த நாள் உள்ளுக்குப் போனவை?"

கேள்வியில் பிழை ஒன்றுமில்லை. எங்களில் கனபேர் மனசுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பதில் சொன்னது எங்களோடு அன்றைக்கு வந்திருந்த ஒரு அக்கா. கட்டுநாயக்கவில் சில வருடங்கள் கார்மன்ட்ஸில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். "நான் காய்ச்சலோட மெஷினில இருந்திருக்கிறன் தம்பி. ஒரு நாள் நிண்டா அந்த மாச அட்டெண்டன்ஸ் காசு போயிடும். அது போனா போடிங் வாடகை இல்லை. அவையளும் அப்பிடித்தான் போயிருப்பினம்."

அதற்குப் பிறகு படத்தைப் பற்றிய கதை குறைந்துவிட்டது. சம்பளத்தைப் பற்றித்தான் கதைத்தோம். இந்தக் கட்டுரையும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பங்களாதேஷின் தலைநகர் டாக்காவுக்கு வெளியே சாவார் என்ற இடம். அங்கே எட்டு மாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். நிரப்பப்பட்ட சதுப்பு நிலத்தில் எழும்பிய கட்டடம். மேல்மாடிகள் முறையான அனுமதி இல்லாமல் ஏற்றப்பட்டவை. கடைகளுக்கென்று கட்டிய தளங்களில் ஆயிரக்கணக்கானோரும் தையல் மெஷின்களும் பெரிய ஜெனரேற்றர்களும். 2013 ஏப்ரல் 23 ஆம் திகதி தூண்களிலும் சுவர்களிலும் வெடிப்புகள் தெரிந்தன. ஆட்களை வெளியேற்றினார்கள். பார்க்க வந்த பொறியியலாளர் கட்டடம் ஆபத்தானது என்றார். உள்ளூர்த் தொலைக்காட்சிகள் வெடிப்பைப் படம்பிடித்துக் காட்டின. கட்டட உரிமையாளரோ பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை என்றார்.

அடுத்த நாள் காலை வங்கிக் கிளை திறக்கவில்லை. கடைகளும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே போனார்கள். 9 மணிக்குச் சற்று முன் மின்சாரம் நின்றது. ஜெனரேற்றர்கள் இயங்கத் தொடங்கின. கட்டடம் அப்படியே கீழே இறங்கியது. 1,134 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. வங்கி ஊழியர் வீட்டில் நின்றார், தையல்காரப் பெண் உள்ளே போனாள். இதை நாங்கள் அன்றிரவு திரும்பத் திரும்பப் பேசினோம். வங்கி ஊழியருக்கு வெடிப்பைப் பற்றிக் கூடுதலாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஒரு நாள் வராவிட்டாலும் அவருடைய சம்பளம் அங்கேயே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தையல் தொழிலாளிக்கு அப்போது சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 3,000 டகா. 2010 இல் நிர்ணயித்தது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 38 அமெரிக்க டொலர். மாதக் கடைசி நெருங்கியிருந்தது. உள்ளே போகாவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று மேற்பார்வையாளர்கள் சொன்னதாக உயிர்தப்பியவர்கள் பலர் பிறகு சொன்னார்கள். வீட்டு வாடகை, கடைக் கடன், ஊரில் தாயோடு வளர்கிற பிள்ளைக்கு அனுப்புகிற காசு எல்லாமே அந்த 3,000க்குள். அதை விட்டுவிட்டு வாசலில் நிற்க யாரால் முடியும்?

கட்டடம் விழுந்ததற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் குறைவாக அறிந்திருந்தோம். இடிபாட்டின் படங்கள் உலகமெல்லாம் போயின. பதினேழு நாட்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்ட பெண்ணின் செய்தியும் போனது. ஆனால் பக்கத்தில் அதர் சந்திரா உயர்தரப் பாடசாலை என்றொரு இடம் இருந்தது. எடுக்கப்பட்ட உடல்களை அந்தப் பாடசாலையின் வளவில்தான் வரிசையாகக் கிடத்தினார்கள். குடும்பங்கள் கையில் ஒரு படத்தோடு, கலியாணப் படமோ வேலை அடையாள அட்டைக்கு எடுத்த படமோ, வரிசைகளுக்கிடையே நடந்தன. படங்களை ஏந்திக்கொண்டு நிற்கிற தாய்மாரின் வரிசையை எங்கள் நாட்டிலே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காட்சியில் படத்தை ஒருக்கால் நிற்பாட்டச் சொல்லிக் கேட்டார் எங்களில் ஒருவர்.

ஏப்ரல் மாத வெயில். சில நாட்களில் முகங்கள் அடையாளம் தெரியாமல் போயின. அதற்குப் பிறகு சட்டைத்துணி, மூக்குத்தி, சட்டைப்பையில் இருந்த போன், இவற்றை வைத்துத்தான் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். உடலை ஒப்படைக்கும்போது அடக்கச் செலவுக்கு 20,000 டகா கொடுத்தார்கள். யாரும் உரிமை கோராத உடல்களை டாக்காவின் ஜூரைன் மயானத்தில் இலக்கம் குத்தி அடக்கம் செய்தார்கள். அவற்றிலிருந்து மரபணு மாதிரிகள் எடுத்து, பிள்ளையைத் தேடுகிற தாய் தகப்பனின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். 322 மாதிரிகளில் 157 பேரின் அடையாளம் முதற்கட்டமாகத் தெரியவந்தது அந்த வருட நவம்பரில். ஏழு மாதம்.

அந்த ஏழு மாதமும் அந்தக் குடும்பங்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? துக்கம் ஒரு பக்கம். மறுபக்கம் மிகச் சாதாரணமான ஒரு தொல்லை: உடல் இல்லாமல் மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லை, அது இல்லாமல் நட்டஈடு இல்லை. மகள் அந்தக் கட்டடத்தில்தான் வேலை செய்தாள் என்பதைத் தாய் நிரூபிக்க வேண்டும். தொழிற்சாலையின் பதிவேடுகளோ இடிபாட்டுக்குள். அன்று காலை உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பதற்கு முழுமையான பட்டியல் ஒன்று எவரிடமும் இல்லை.

இங்கே ஒரு விசயம் எங்களை உறுத்தியது. இடிபாட்டுக்குள்ளிருந்து லேபல்கள் முழுசாக வந்தன. எந்தெந்த மேற்கத்தைய நிறுவனங்களுக்கு அங்கே உடுப்புத் தைக்கப்பட்டது என்பதைச் செயற்பாட்டாளர்கள் அந்தத் துணி லேபல்களையும் ஓடர் தாள்களையும் பொறுக்கித்தான் நிறுவினார்கள். பெனெற்றன் நிறுவனம் முதலில் தொடர்பே இல்லை என்றது. அதன் லேபல் போட்ட சேர்ட் இடிபாட்டுக்குள் கிடக்கிற படம் வெளிவந்த பிறகு பேச்சை மாற்றியது. சேர்ட்டுக்கு யார் சொந்தக்காரர் என்பதைச் சேர்ட்டே சொன்னது. அதைத் தைத்தவளுக்கு அப்படி ஒரு லேபல் இருக்கவில்லை.

இனி நட்டஈட்டுக் கணக்கு. பங்களாதேஷின் 2006 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி அப்போது வேலைத்தளத்தில் இறந்தவருக்கு 100,000 டகா. நிரந்தரமாக முழுமையாக இயலாமல் போனவருக்கு 125,000 டகா. 3,000 டகா சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு உயிர், முப்பத்து மூன்று மாதச் சம்பளம். மூன்று வருடம்கூட இல்லை. இறந்தவருக்கும் உயிரோடு படுக்கையில் கிடப்பவருக்கும் இடையிலான வித்தியாசம் 25,000 டகா, அதாவது எட்டு மாதம் சொச்சச் சம்பளம். இருபது வயதில் முள்ளந்தண்டு உடைந்த ஒரு பெண் இன்னும் நாற்பது வருடம் உயிரோடு இருப்பாள் என்றால் அந்தக் காசு எதுக்குக் காணும்?

முப்பத்து மூன்று மாதம் என்று கணக்குப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வந்தது. அதற்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்பதே பெரும்பாலும் நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நிக்கலஸ் ஃபார்வெல் என்றொரு ரயில் எஞ்சின் சாரதி. 1837 இல் வேறொரு தொழிலாளி தண்டவாளத்தை மாற்றிவிட்டதில் வந்த பிழையால் ரயில் புரண்டு வலது கையை இழந்தார். 10,000 டொலர் கேட்டு வழக்குப் போட்டார். 1842 இல் தோற்றார். பிரதம நீதியரசர் லெமுவல் ஷோ சொன்ன காரணத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: ஆபத்தான வேலைக்குக் கூடச் சம்பளம் தருகிறார்கள், அந்தக் கூடுதல் காசுதான் ஆபத்தின் விலை, அதை வாங்கிக்கொண்டுதானே வேலைக்கு வந்தாய். ஃபார்வெல் முன்பு அதே கம்பனியில் மெக்கானிக்காக இருந்தவர். சாரதியாகி நாளுக்கு 2 டொலர் வாங்கினார், அது மெக்கானிக்கின் சம்பளத்தைவிடக் கூட. அந்த வித்தியாசத்தில் அவருடைய கைக்கான விலையும் அடங்கிவிட்டதாம்.

"கூடச் சம்பளம் தருகிறார்கள், விருப்பமில்லாவிட்டால் போகலாம்தானே" என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அந்தக் கதைக்கு வயது இவ்வளவு.

இந்த நிலைப்பாடு மாற அரை நூற்றாண்டு பிடித்தது. ஜேர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1884 இல், விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. முதலாளிமார் சேர்ந்து நிதி கட்ட வேண்டும், முழுதாக இயலாமல் போனவருக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியம் போலத் தொடர்ந்து வரும். தொழிலாளர் மீதான அன்பினால் பிஸ்மார்க் இதைச் செய்யவில்லை, சோசலிஸ்டுகளின் பக்கம் அவர்கள் போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்தது. எப்படியோ காசு மாதாமாதம் வந்தது. பிரித்தானியா 1897 இல் வேறு வழியில் போனது. யாருடைய பிழை என்று பார்க்காமல் முதலாளி கொடுக்கத்தான் வேண்டும் என்றது அந்தச் சட்டம், அது பெரிய மாற்றம். ஆனால் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரேதரம் ஒரு தொகை: மூன்று வருடச் சம்பளம் அல்லது 150 பவுண், இரண்டில் எது கூடவோ அது, 300 பவுணுக்கு மேல் போகாது.

மூன்று வருடச் சம்பளம், 1897 இல். சாவாரில், 116 வருடம் கழித்து, முப்பத்து மூன்று மாதம்.

இது தற்செயல் இல்லை. பிரித்தானிய வழிமுறை 1923 இல் பிரித்தானிய இந்தியாவுக்குச் சட்டமாக வந்தது. அந்தச் சட்டம்தான் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலும் அதன் பிறகு பங்களாதேஷிலும் 2006 வரை உயிரோடு இருந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை. வலது கை முழங்கைக்கு மேலே போனால் உழைக்கும் சக்தியில் 70 வீதம் இழப்பு, இடது கை என்றால் 60. ஒரு கண் 30. பெருவிரல் 25. சுட்டுவிரல் 10. மற்ற விரல்கள் ஒவ்வொன்றும் 5. வாசித்தபோது எங்களில் சிலர் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டோம். விரலுக்கு 5 வீதம் என்றால் எதன் 5 வீதம்? சம்பளத்தை வைத்துப் போட்ட தொகையின் 5 வீதம். ஆகவே ஒரே ஆலையில் ஒரே மெஷினில் விரலை விட்ட இருவருக்கு வேறு வேறு விலை. எவருக்குச் சம்பளம் குறைவோ அவருடைய விரல் மலிவு.

இலங்கைக்கு இது 1934 இல், 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக வந்து சேர்ந்தது. எங்கட சட்டமும் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுகிறது, ஒரேதரம் ஒரு தொகையைக் கொடுக்கிறது. எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகும் இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது அதே கட்டளைச் சட்டம்தான்.

நடுவே நியூயோர்க்கைத் தொடாமல் விட மனமில்லை, அதுவும் தையல் கதைதான். 1911 மார்ச் 24 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் உயர் நீதிமன்றம், முதலாளி கட்டாயமாக நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற புதிய சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அடுத்த நாள் பின்னேரம் அதே நகரத்தில் ட்ரையாங்கிள் சேர்ட் தொழிற்சாலை எரிந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணிகள் ஆறாம் மாடி மட்டும்தான் எட்டின. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம் பெண்கள், இருவருக்குப் பதினான்கு வயது. முதலாளிகள் இருவரும் குற்றவாளிகள் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சிவில் வழக்குகள் 1914 இல் உயிருக்கு 75 டொலர் என்று முடிந்தன. காப்புறுதிக் காசு முதலாளிகளுக்கு அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. இறந்த பெண்களில் பலரின் தாய் தகப்பன் கடலுக்கு அப்பால், அந்தப் பிள்ளைகள் அனுப்புகிற காசை நம்பி இருந்தவர்கள். நிவாரணக் குழு தேடித் தேடி ரஷ்யாவுக்கும் இத்தாலிக்கும் காசு அனுப்ப வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் காசில் அடுப்பெரிகிற வீடுகளை அறிந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ராணா பிளாஸாவுக்குத் திரும்புவோம். அந்த ஒரு இலட்சம் டகாவோடு விசயம் முடியவில்லை, முடியவிடவில்லை என்று சொல்வதுதான் சரி. தொழிற்சங்கங்களும் உலகெங்கும் கடைகளுக்கு முன்னால் நின்றவர்களும் கொடுத்த அழுத்தத்தில் 2013 நவம்பரில் 'ராணா பிளாஸா ஏற்பாடு' என்றொரு உடன்பாடு வந்தது. சர்வதேச தொழில் அமைப்பு நடுநிலைத் தலைமை வகித்தது. அந்த அமைப்பின் 121 ஆம் இலக்கச் சமவாயத்தை அடிப்படையாக எடுத்தார்கள். 30 மில்லியன் டொலர் தேவை என்று கணக்கிட்டார்கள். நிறுவனங்கள் விரும்பினால் கொடுக்கலாம் என்பதால் காசு சொட்டுச் சொட்டாக வந்தது. முழுத் தொகையும் சேர்ந்தது 2015 ஜூனில், இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழித்து. இறந்தவர்களின் உறவினரும் காயப்பட்டவர்களுமாக 5,000க்கும் மேற்பட்டோருக்கு அது போய்ச் சேர்ந்தது.

இதை நாங்கள் சிறிதாக்கவில்லை. உள்ளூர்ச் சட்டத்தைவிட எவ்வளவோ மேல். வயது, யார் யார் தங்கியிருந்தார்கள் என்பதெல்லாம் பார்த்துச் செய்த கணக்கு. ஆனாலும் அது ஈடுசெய்ய வந்தது இழந்த வருமானத்தையும் மருத்துவச் செலவையும் மட்டுமே. வலிக்கும் வேதனைக்கும் அதில் இடமில்லை. வருமான இழப்பைக் கணக்கிட அடிப்படையோ திரும்பவும் சம்பளம்தான்.

எந்தச் சம்பளம் போய்விடுமோ என்று பயந்து அவள் உள்ளே போனாளோ, அதே சம்பளத்தை வைத்துத்தான் அவளுடைய சாவுக்கு விலை போட்டார்கள். சம்பளம் குறைவாக இருந்தபடியால் வாசலில் நிற்க முடியவில்லை. சம்பளம் குறைவாக இருந்தபடியால் விலையும் குறைந்தது. தம்பி கேட்ட கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில் இதுதான். ஆகக் குறைந்த சம்பளம் 5,300 டகாவாக உயர்ந்தது 2013 டிசம்பரில், கட்டடம் விழுந்து எட்டாவது மாதம்.

சம்பளக் கணக்கில் வராதவை எவ்வளவு என்று ஒருக்கால் யோசித்துப் பார்ப்போம். இடிபாட்டுக்குள்ளேயே, போதிய மயக்கமருந்து இல்லாமல், சில பேரின் கைகால்களை வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள். வெட்டியவர்களில் மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களும் இருந்தார்கள். காலை இழந்து வீட்டுக்கு வருகிற ஒரு பெண்ணை யார் குளிக்க வார்ப்பது? தாய். அந்தத் தாய் வீட்டுவேலைக்குப் போய் உழைத்தவள் என்றால் அந்த உழைப்பும் நின்றுவிடுகிறது. தங்கச்சி பள்ளிக்கூடத்தை விடுகிறாள். சட்டத்தின் கணக்கில் ஒரு ஆள், ஒரு கால், இத்தனை வீதம். வீட்டின் கணக்கில் மூன்று பேர். மகள் இறந்த வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பால்மா வாங்குவது கிழவி. அவள் வாழ்க்கை முழுக்கச் செய்கிற அந்த வேலைக்கு ஒரு அட்டவணையும் இல்லை.

காசு வந்த இடத்தில் சண்டையும் வந்தது. இறந்தவரின் மனைவிக்கா, தாய் தகப்பனுக்கா, எவ்வளவு? மறுமணம் செய்தால் என்ன? இதைப் பற்றி எழுதும்போது பேராசை என்று எழுதுகிறவர்களும் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே உழைப்பில் இரண்டு வீடு சாப்பிட்டிருந்தால், அந்த உழைப்பு ஒரு பொதிக் காசாக மாறி வரும்போது இரண்டு வீடும் கை நீட்டத்தான் செய்யும். ஒரேதரம் கிடைக்கிற காசுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அது வருவதற்கு முன்பே கடன்காரருக்குத் தெரிந்துவிடும்.

உயிர்தப்பிய கனபேர் திரும்ப ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. போக முடியவில்லை. மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே உடம்பு நடுங்குகிறது, ஜெனரேற்றர் சத்தம் கேட்டால் ஓடத் தோன்றுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். சம்பவம் நடந்து ஆறு வருடம் கழித்து அக்சன் எயிட் அமைப்பு விசாரித்தபோதும் உயிர்தப்பியவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வேலை இருக்கவில்லை. கையும் காலும் முழுசாக இருக்கிற ஒருவருக்கு இந்த நடுக்கம் எத்தனை வீதம்?

வழக்கைப் பற்றியும் ஒரு வரி. கட்டட உரிமையாளர் இந்திய எல்லைக்குப் பக்கத்தில் பிடிபட்டார். 2016 இல் கொலைக் குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கியது 2022 ஜனவரியில்.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2013 மே மாதம் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட பாதுகாப்பு உடன்பாடு 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பரிசோதிக்க வைத்தது. நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிற உடன்பாடு அது, வெறும் நன்னடத்தைக் கோவை இல்லை. கட்டடம் விழுவதற்கு ஐந்து மாதம் முன்பு டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலை எரிந்து 112 பேர் இறந்தபோதும், அந்த செப்டெம்பரில் கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர் எரிந்தபோதும் நடக்காத விசயம் அது. 1,134 பேர் ஒரே நாளில் போக வேண்டியிருந்தது. தனித்தனியாக, மாதத்துக்கு ஒருவராக, விரல் விரலாகப் போனால் ஒருத்தரும் உடன்பாடு எழுதுவதில்லை.

நட்டஈட்டிலும் ஒன்று மாறியது. 2022 ஜூனில் பங்களாதேஷின் ஆடைத் தொழிலுக்கு ஒரு பரீட்சார்த்த விபத்துக் காப்புத் திட்டம் தொடங்கியது. இறந்தவரின் குடும்பத்துக்கும் நிரந்தரமாக இயலாமல் போனவருக்கும் மாதாமாதம் காசு. பிஸ்மார்க்கின் சட்டத்திலிருந்து அங்கே வந்து சேர 138 வருடம். அந்த நிதியும் நிறுவனங்கள் விரும்பிக் கொடுப்பதில்தான் நிற்கிறது.

அதே 2022 இல் எங்கட 1934 ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. உச்சத் தொகை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக உயர்ந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ரூபா விழுந்த வருடமும் அதுதான் என்பதால் அந்த உயர்வில் எவ்வளவு மிஞ்சியது என்று பால்மா வாங்கினவர்களைக் கேட்டால் தெரியும். கொடுப்பது இன்னும் ஒரேதரம், கணக்கு இன்னும் சம்பளத்தின் மேல்.

அந்தத் திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்குப் போகிற வழியிலும் வேலை முடிந்து வருகிற வழியிலும் நடக்கிற விபத்துக்கும் இப்போது நட்டஈடு கேட்கலாம். இதை நாங்கள் தேடி வாசித்துச் சொன்னபோது அந்த அக்கா நம்பவில்லை. "இரவு ஷிப்ட் முடிஞ்சு போடிங்குக்கு நடந்து வாற றோட்டில மோட்டச்சைக்கிள் அடிச்சாலுமோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்படி அடிபட்டு, தன் செலவிலேயே மருந்து எடுத்து, பிறகு ஊருக்குத் திரும்பிய ஒரு பிள்ளையை அவருக்குத் தெரியும். அது திருத்தத்துக்கு முன்பா பின்பா என்று யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை.

"எங்கட நோட்டீஸ் போட்டில டார்கெட் மட்டும்தான் ஒட்டுவினம்" என்றார். பிறகு, இன்னும் அங்கே நிற்கிற பிள்ளைகளுக்கு வட்சப்பில் அனுப்பத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். எந்தச் சட்டம், எந்த வருடம், வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு எழுத வேண்டும், சம்பளத் துண்டைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். தமிழ்ப் பக்கம் அன்றிரவே எழுதிவிட்டோம். சிங்களப் பக்கத்துக்கு ஒரு நண்பரிடம் கேட்டிருக்கிறோம்.